கால் வீங்கினால் மூச்சு ஏன் முட்டுகிறது? – வீட்டிலிருந்தபடியே உடலைப் பயிலுதல்

சென்ற ஆண்டில் ஒரு விடியற்காலை, அம்பகரத்தூரிலிருந்து 108 ஊர்தியில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அறுபது வயதைக் கடந்த உழவர். இரண்டு கால்களும் முழங்கால் வரை வீங்கியிருந்தன. படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரங்களுக்கு முன்புதான் எங்களிடம் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் அவர். இம்முறையும் தேறினார். நான்காம் நாள், அவருடைய மனைவி எங்கள் செவிலியரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "கால்தானே சிஸ்டர் வீங்கியிருந்துச்சு? மூச்சு ஏன் முட்டுச்சு?"

இந்தக் கேள்விக்கான விடை அவருக்கு முன்பே தெரிந்திருந்தால், இரண்டாம் முறை அவர்கள் வந்திருக்கவே வேண்டியதில்லை. நடந்ததைப் பிறகு விசாரித்து அறிந்தோம். 'நீர் மாத்திரை' எனப்படும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மாலையில் கொடுத்திருக்கிறார்கள். இரவெல்லாம் எழுந்து எழுந்து அவருக்கு உறக்கம் கெட்டது. ஆகவே மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். கால் வீங்கியது, உடம்பில் சத்துக் குறைந்ததால்தான் வீங்குகிறது என்று உறவினர் ஒருவர் சொன்னார். கஞ்சியும் இளநீரும் கூடின. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயும் சேர்ந்தது. எல்லாம் அன்பினால் செய்தவை. அவற்றில் ஒன்றுகூட அவருக்கு நன்மை செய்யவில்லை.

வீடு திரும்பும்போது நாங்கள் கொடுத்த தாளில் எல்லாம் எழுதியிருந்தது: உப்பைக் குறைக்கவும், நீரை அளந்து குடிக்கவும், தினமும் எடை பார்க்கவும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஏன் என்பதை மட்டும் எழுதவில்லை. காரணம் தெரியாத கட்டளையை யாரும் நெடுநாள் காப்பதில்லை. ஆதலால் இந்தத் தவற்றில் பெரும் பங்கு எங்களுடையது.

அந்த அம்மையார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு எந்த வகுப்புக்கும் போக இயலாதவர். எனினும் அடுத்த ஆறு மாதங்களில், பிளஸ் ஒன் படிக்கும் மகளின் விலங்கியல் புத்தகம், ஒரு கைபேசி, பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை எங்கள் செவிலியரோடு தொலைபேசியில் கால் மணி நேரம் ஆகியவற்றைக் கொண்டு, மனித உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் தமக்கு வேண்டிய அளவுக்குக் கற்றுக்கொண்டார். அவ்வாறு கற்க விரும்பும் பிற குடும்பத்தினருக்காக இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

சொற்களிலிருந்து தொடங்குவோம்

வீட்டிலிருந்து படிப்பவருக்கு முதல் தடை, பாடத்தின் கடினம் அன்று. நாம் நாள்தோறும் பேசும் சொற்களே தடையாகின்றன. 'ஈரல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று மூன்று உறுப்புகள் அந்தப் பெயரைப் பகிர்ந்துகொள்கின்றன. மூன்றும் இருக்குமிடம் வேறு, செய்யும் வேலை வேறு. "ஈரலில் நீர் என்று டாக்டர் சொன்னார்" என்று ஒருவர் வந்து சொன்னால், எந்த ஈரல் என்று கேட்காமல் எங்களால் ஒன்றும் சொல்ல இயலாது.

'நரம்பு' இன்னும் பெரிய குழப்பம். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறோம். மருத்துவமனையில் நாங்களே அப்படித்தான் பேசுகிறோம். அங்கே தேடப்படுவது நரம்பே அன்று. அது சிரை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாய் தமனி. நரம்பு என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் இழை. அதற்குள் இரத்தம் ஓடுவதில்லை. தசையை எலும்போடு கட்டும் தசைநாணையும் சிலர் நரம்பு என்றே சொல்கிறார்கள். நான்கு வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே பெயர்.

தமனியில் நல்ல இரத்தம், சிரையில் கெட்ட இரத்தம் என்று பள்ளியில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதை மறந்துவிடுவது நல்லது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தமே செல்கிறது. புறப்படுவது தமனி, திரும்புவது சிரை; இவ்வளவை நினைவில் வைத்தால் போதும்.

'இதயச் செயலிழப்பு' என்ற சொல் வேறு வகையில் துன்பம் செய்கிறது. அதைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்றே குடும்பத்தினர் கலங்குகிறார்கள். உண்மையில் அது, இதயம் உடலின் தேவைக்கு ஏற்ற வலுவோடு இரத்தத்தை இறைக்கவில்லை என்பதையே குறிக்கிறது. நோய் கடுமையானதுதான், ஆயினும் மருந்தோடும் கட்டுப்பாட்டோடும் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முயன்றவர்கள் இந்தச் சொல் தொல்லையை நெடுங்காலமாகவே கண்டிருக்கிறார்கள். காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் விட்டார்களே, அந்தக் கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில், சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவம் கற்பித்தார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்தவர். முதலில் ஆங்கிலத்திலும், பின்னர் தமிழிலும் பாடம் நடத்தினார். கால்வின் கட்டர் எழுதிய உடல் நூல் 1857-இல் 'அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்' என்ற பெயரில் தமிழில் வந்தது. மருத்துவ மாணவர்கள் இன்றளவும் படிக்கும் கிரேயின் உடற்கூற்று நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் வெளிவந்தது. அங்காதிபாதம் என்பது இன்றைய உடற்கூறியல். சுகரணம் என்பது உடலியங்கியல். உறுப்புகள் எங்கே, எப்படி அமைந்திருக்கின்றன என்பது முன்னது. அவை எப்படி வேலை செய்கின்றன என்பது பின்னது.

கிரீன் 1873-இல் அமெரிக்காவின் ஊஸ்டர் நகருக்குத் திரும்பிவிட்டார். கடிதம் கப்பலில் போய்ச் சேர வேண்டிய காலம் அது. அங்கிருந்தபடியே தமிழ் நூல்களின் வேலையைத் தொடர்ந்தார்; உடலியங்கியலுக்கான 'மனுஷ சுகரணம்' 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். தொலைவிலிருந்து உடலைக் கற்பதும் கற்பிப்பதும் தமிழுக்குப் புதியன அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

படத்தின் வலமும் நம் வலமும்

புத்தகத்தில் இதயத்தின் படத்தைப் பார்த்தால், 'இடது' என்று எழுதிய பகுதி நம் வலக்கைப் பக்கம் இருக்கும். தனியே படிப்பவர் பலர் இங்கே ஒரு நாளை இழக்கிறார்கள். புத்தகம் தவறன்று. படத்திலுள்ள மனிதர் நம்மைப் பார்த்து நிற்கிறார். கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்புறம் காட்டி நிற்கிறார். எதிரே நிற்பவரின் இடக்கை நம் வலப்பக்கம் தானே இருக்கும்? எல்லா உடற்கூற்றுப் படங்களுக்கும் இதுவே விதி. உங்கள் எக்ஸ்ரே படத்தையும் மருத்துவர் இப்படித்தான் ஒளிப்பெட்டியில் மாட்டிப் பார்க்கிறார். வீட்டில் ஒருவரை எதிரே நிற்கவைத்து, அவருடைய மார்பில் எது எங்கே என்று விரலால் காட்டிப் பழகுங்கள். ஒரு மாலை போதும்.

இனிக் கேள்விக்கு விடை

இதயம் ஒன்றுதான், ஆனால் அதற்குள் பக்கத்துக்கொன்றாக இரண்டு இறைப்பான்கள் ஒட்டி இருக்கின்றன. வலப்பக்கம், உடலெங்கும் சுற்றித் திரும்பும் இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம், நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றுத் திரும்பும் இரத்தத்தை வாங்கி உடலெங்கும் அனுப்புகிறது. இரண்டும் ஒரே வட்டத்தின் இரு பாதிகள்.

வட்டம் என்பது 1628 வரை மருத்துவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. உணவிலிருந்து கல்லீரலில் இரத்தம் உண்டாகி, உடலில் செலவழிந்துவிடுகிறது என்றே ஐரோப்பிய மருத்துவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருந்தார்கள். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, பிற சோதனைகளோடு ஒரு பெருக்கல் கணக்கும் போட்டு அதை மறுத்தார். இன்றைய அளவுகளைக் கொண்டு அதை நீங்களும் போடலாம். ஒரு துடிப்பில் இதயத்தின் ஒரு பக்கம் வெளியேற்றும் இரத்தம் ஏறத்தாழ 70 மில்லி லிட்டர். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4,900 மில்லி லிட்டர், அதாவது ஏறக்குறைய 5 லிட்டர். வளர்ந்தவர் உடலில் உள்ள மொத்த இரத்தமும் அவ்வளவுதான். ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 7,000 லிட்டரைத் தாண்டும். அவ்வளவு இரத்தத்தை உணவிலிருந்து அன்றாடம் உண்டாக்க யாரால் முடியும்? ஆகவே அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

வட்டமாக ஓடும் நீரில் ஓரிடத்தில் இறைப்பு தளர்ந்தால் என்ன ஆகும்? டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடிகால் மதகு சரியாக வாங்காவிட்டால் மதகுக்கு மேற்பக்கத்து வயலில் நீர் தேங்கும். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால், அதை நோக்கி வரும் சிரைகளில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து திசுக்களில் தேங்குகிறது. நிற்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் புவியீர்ப்பினால் அது பாதத்திலும் கணுக்காலிலும் முதலில் தெரிகிறது. இடப்பக்கம் தளர்ந்தால், அதை நோக்கி வருவது நுரையீரலின் இரத்தம். ஆதலால் அங்கே தேங்குகிறது. காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் நீர் கசிகிறது. அதுவே மூச்சு முட்டுதல். இடப்பக்கத் தளர்ச்சி நாளடைவில் வலப்பக்கத்தையும் களைப்படையச் செய்வது வழக்கம்.

இதில் சிறுநீரகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பெரும்பாலான குடும்பத்தினர் அறியாதது இதுதான். இறைப்பு தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. உடலில் நீர் வற்றிவிட்டது என்று சிறுநீரகம் பிழையாக எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் சேமிக்கத் தொடங்குகிறது. ஏற்கெனவே தேங்கிய இடத்தில் மேலும் நீர். ஊறுகாயின் உப்பு இங்கேதான் தீங்கு செய்கிறது. உப்பு இருக்குமிடத்தில் நீரும் நிற்கும். நீர் மாத்திரை சிறுநீரகத்தின் இந்தப் பிடியைத் தளர்த்தி, உப்பையும் நீரையும் வெளியே விடச் செய்கிறது. அதை நிறுத்தினால் மதகை அடைத்தது போலாகும். உறக்கம் கெடுகிறது என்றால், மாத்திரையைக் காலையில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; பெரும்பாலும் நேரத்தை மாற்றித் தருவார். அந்த உழவருக்கும் அப்படித்தான் மாற்றினோம்.

அவருக்கு ஏன் விடியற்காலையில் முட்டியது? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் மெல்ல இரத்தத்துக்குத் திரும்புகிறது. அந்தக் கூடுதல் சுமை தளர்ந்த இதயத்துக்கும் அதன் வழியே நுரையீரலுக்கும் போகிறது. பகலில் கால், இரவில் மூச்சு: இரண்டும் ஒரே நீர். "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்?" என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானால் அது செய்தி.

தினமும் எடை பார்க்கச் சொல்வதன் காரணமும் இப்போது விளங்கும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. இரண்டு மூன்று நாள்களில் இரண்டு கிலோ கூடினால் அது சோற்றினால் வந்த சதை அன்று, தேங்கிய நீர். கால் வீங்கும் முன்பே தராசு சொல்லிவிடும். காலையில் சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன், ஒரே தராசில், ஏறத்தாழ ஒரே உடையில் பாருங்கள். கூடினால் அன்றைக்கே எங்களுக்குத் தெரிவியுங்கள். படுக்க முடியாத மூச்சுத் திணறல் வந்தால் தராசு, தொலைபேசி ஆலோசனை எதற்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

கால் வீக்கத்துக்கு இதயம் மட்டுமே காரணம் அன்று. சிறுநீரக நோய், கல்லீரல் நோய், சில இரத்த அழுத்த மாத்திரைகள், காலின் சிரையில் இரத்தம் உறைதல் ஆகியவையும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அதைத் தேய்த்துவிடாமல் உடனே காட்ட வேண்டும்.

எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது

தமிழில் படிக்க விரும்புவோருக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு விலங்கியல் நூலே எங்கள் முதல் பரிந்துரை. செரித்தல், சுவாசம், உடல் திரவங்களும் சுற்றோட்டமும், கழிவுநீக்கம், நரம்பு, ஹார்மோன் என்று உடலின் முக்கியமான பாடங்கள் அதில் அடுத்தடுத்து உள்ளன. காரைக்கால் பள்ளிகளில் நெடுங்காலம் பயன்பட்ட புத்தகங்கள் இவையே ஆதலால் பல வீடுகளில் பழைய படி கிடைக்கும். இணையத்திலும் விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். அது கடினமாக இருந்தால் பத்தாம் வகுப்பு அறிவியலில் தொடங்குங்கள். ஆங்கிலம் வருமானால், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட ஓப்பன்ஸ்டாக்ஸ் உடற்கூறியல் நூல் இலவசமாகவே உள்ளது. படங்கள் மிகத் தெளிவானவை. இந்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பேராசிரியர்களின் காணொளிப் பாடங்கள் உள்ளன. காணொளிகளை மட்டும் நம்பி இருப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. பார்க்கும்போது எல்லாம் புரிந்தது போலிருக்கும். மறுநாள் தாளில் வரையச் சொன்னால் ஒன்றும் வராது.

ஆகவே வரையுங்கள். அழகு வேண்டாம். இதயத்துக்கு நான்கு அறைகள், நுரையீரலுக்கு ஒரு பை, உடலுக்கு ஒரு பை, இடையே அம்புக்குறிகள். புத்தகத்தை மூடிவிட்டு வரைந்து, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். அந்த அம்மையார் பால் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் இதைப் பதினேழு முறை வரைந்திருந்தார். முதல் ஐந்தில் அம்புகள் தலைகீழாக இருந்தன.

முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தேர்வு எழுதுபவர் செல்லிலிருந்து தொடங்கட்டும். வீட்டில் நோயாளி உள்ளவர், அந்த நோய் குடியிருக்கும் உறுப்பிலிருந்து தொடங்கட்டும். கேள்வி ஒன்று கையில் இருந்தால் பாடம் தானே ஒட்டும்.

தொலைவிலிருந்து படிப்பவருக்குச் சோதனைச்சாலை இல்லை என்பார்கள். உடல் இருக்கிறதே! மணிக்கட்டில் கட்டைவிரலின் அடிப்பக்கம் இரண்டு விரல்களை வைத்து நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணும் விரலாகக் கட்டைவிரலைப் பயன்படுத்த வேண்டாம்; அதன் துடிப்பே குழப்பும். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. உறங்கும் ஒருவரின் மூச்சை, அவர் அறியாமல் எண்ணுங்கள்; வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை.

ஹார்வி கையில் செய்து காட்டிய ஒரு சோதனையின் எளிய வடிவத்தை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். நலமாக உள்ள ஒருவர் கையைச் சிறிது நேரம் தொங்கவிடட்டும். புறங்கையில் புடைத்துத் தெரியும் சிரை ஒன்றின் மேல், விரல் பக்கமாக ஓரிடத்தை அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி மெல்ல வழித்துவிட்டு, அந்த இரண்டாம் விரலை எடுங்கள். வழித்த பகுதி வெறுமையாகவே நிற்கும். மேலிருந்து இரத்தம் திரும்பி இறங்குவதில்லை. சிரைக்குள் உள்ள வால்வுகள் தடுக்கின்றன. முதல் விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். வெறும் கண்ணால் காணும் உடலியங்கியல் இது. டயாலிசிஸுக்காக அறுவை செய்த கையிலும், ஊசிக்குழாய் பொருத்திய கையிலும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவரிடமும் இதைச் செய்யக் கூடாது.

சான்றிதழ் வேண்டுவோர் கவனத்துக்கு

பராமரிப்பில் தேர்ந்த சிலர், குறிப்பாக இளம்பெண்கள், "இதையே படிப்பாகப் படித்து வேலைக்குப் போகலாமா?" என்று எங்களைக் கேட்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் அஞ்சல் வழியில் செவிலியர் பட்டம், இணைய வழியில் இயன்முறைப் பட்டம் என்று துண்டுப் பிரசுரம் காட்டிப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை முதலிய பட்டங்களைத் தொலைநிலையில் வழங்க இடமில்லை. உளவியல் உள்ளிட்ட நலவாழ்வுத் துறைப் பட்டங்களுக்கும் 2025-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இத்தடை விரிந்துள்ளது. காரணமும் நியாயமானதே: ஊசி போடும் கை, ஊசி போட்டுத்தான் பழக வேண்டும். உடலைப் பற்றிய அறிவை வீட்டிலிருந்து பெறலாம். நோயாளியின் மேல் கை வைக்கும் உரிமையைப் பெற இயலாது. பணம் கட்டுமுன் அந்தத் தாளை எங்கள் சமூகப் பணியாளரிடம் ஒருமுறை காட்டுங்கள், கட்டணம் ஏதுமில்லை.

சென்ற மாதம் அந்த அம்மையாரும் கணவரும் வழக்கமான பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். பால் கணக்கு நோட்டில் 160 நாள்களின் எடை வரிசையாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் சிவப்பு மையில் வட்டம்: கோயில் திருவிழாவுக்கு வந்த உறவினரோடு விருந்து உண்ட மூன்றாம் நாள், 2 கிலோ 200 கிராம் கூடுதல். அன்று காலையிலேயே எங்களை அழைத்திருக்கிறார். மருத்துவர் சொன்ன மாற்றத்தைச் செய்திருக்கிறார். ஐந்து நாள்களில் எடை இறங்கியிருக்கிறது. நோட்டை எங்களிடம் காட்டிவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டார்: "சர்க்கரை இரத்தத்துலதானே இருக்கு சிஸ்டர், அது எப்படிக் கண்ணைக் கெடுக்குது?" அதற்கான விடை அடுத்த இதழில். அதற்குள், ஒரு நோட்டில் விழித்திரை என்று தலைப்பிட்டு, கண்ணின் படத்தை ஒருமுறை வரைந்து வையுங்கள்.